எட்டுக் கொக்கியும் ஒரு முதுகும்

ராமச்சந்திரனை இலங்கை முழுக்கத் தெரியும். ஆனால் அவன் நின்றுகொண்டு பந்து வீசியதைப் பார்த்தவர்களைவிட, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மைதானத்தை விட்டுப் போனதைப் பார்த்தவர்களே அதிகம். படுத்துக்கொண்டே ரசிகர்களுக்குக் கையசைக்கும் ஒரே வேகப்பந்து வீச்சாளர் என்று கொழும்புப் பத்திரிகை ஒன்று அவனைப் பற்றி எழுதியது. அந்தப் பத்திரிகையை அவன் மனைவி விஜயகலா அன்றைக்கே கிழித்து அடுப்பில் போட்டாள். கையசைப்பது ஒரு மரியாதை. அதில் கேலிக்கு என்ன இருக்கிறது?

பத்து வருஷத்தில் ஒன்பது சர்வதேச ஆட்டங்கள். ஒன்றையும் அவன் முடித்ததில்லை. முதல் ஆட்டத்தில் நாலாவது ஓவரிலேயே தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அடுத்ததில் தோள். அப்புறம் கணுக்கால், விலா, முழங்கால், முதுகு. ஒருமுறை விமானம் ஏறுவதற்கு முதல் நாளே பல் உடைந்து முகம் வீங்கி, பாஸ்போட்டில் இருப்பது இவன்தானா என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

தெரணியகலைக்கு மேலே, பெல்மோர் தோட்டத்தின் கீழ் டிவிசன் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் அவன். ரப்பர் மரத்துக் காயத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலைச் சுருட்டிச் சுருட்டிப் பந்தாக்கி, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எறிந்து பழகியவன். அந்தப் பந்து குத்தினால் லயத்துக் கூரைக்கு மேலே போய்த்தான் திரும்பும். அதனால்தானோ என்னவோ, பெரிய மைதானங்களிலும் அவனுடைய பந்து மட்டையாளர்களின் மூக்கைத் தேடியே எழும்பியது. ஆறடி இரண்டு அங்குல ஆள். ஓடிவரும்போது எதிரே நிற்பவன் ஹெல்மெட்டை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்வான். ஆனால் அம்மா சுப்பம்மா, "டேய் ராமு" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அந்த ஆறடி இரண்டு அங்குலமும் நாலடியாகிவிடும்.

விஜயகலா அந்தத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். கொழுந்து எடுக்கவும் பால் வெட்டவும் போகிற தாய்மார் விட்டுப்போகும் இருபத்திரண்டு குழந்தைகள் அவள் பொறுப்பு. மாதம் ஒருமுறை குழந்தைகளை எடை பார்த்து, ஆண் குழந்தைக்கு நீல வளர்ச்சி அட்டையிலும் பெண் குழந்தைக்கு ரோஸ் அட்டையிலும் புள்ளி வைப்பாள். கல்யாணமான முதல் வருஷமே மிஞ்சிய நீல அட்டை ஒன்றைக் கணவனுக்காக எடுத்து வைத்துக்கொண்டாள். தடுப்பூசி போடும் கட்டங்களில் எலும்பு முறிவுகளை எழுதினாள். "முதல் பல் முளைத்த திகதி" என்ற இடத்தில், பல் உடைந்த திகதி.

அன்று செவ்வாய்க்கிழமை. குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கணவன் மறுநாள் வீட்டுக்கு வருகிறான். தேர்வுக்குழுக்காரர் ஒருவர் அவனுக்குத் தொலைபேசியில், "ராம் மல்லி, மேக தமா அந்திம" என்று சொல்லிவிட்டார். இதுதான் கடைசி வாய்ப்பு என்பதைச் சிங்களத்தில் சொன்னாலும் ஒன்றுதான், தமிழில் சொன்னாலும் ஒன்றுதான். திங்கட்கிழமை கொழும்பில் உடல் தகுதிச் சோதனை, வியாழக்கிழமை டெஸ்ட் போட்டி. இதிலும் ஏதாவது உடைந்தால் அதோடு சரி.

இத்தனை அடிக்கும் ஒரு காரணம் இல்லாமலா இருக்கும் என்று நீல அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் கண், சுவரில் வருஷக்கணக்காக ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருந்த மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ்களில் விழுந்தது. ஒவ்வொன்றாகத் திகதி பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடி நோட்டீஸைப் பார்த்தாள்.

"அட கடவுளே" என்றாள். தொட்டிலில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

தொடைத் தசை குணமானால் மகன் காவடி எடுப்பான் என்று சுப்பம்மா நேர்ந்திருந்தாள். குணமானது. வெயிலில் மூன்று மணி நேரம் காவடி தோளிலிருந்தது. பதினொரு நாள் கழித்துத் தோள் போயிற்று. தோள் சரியானால் தீ மிதிப்பான் என்றாள். மிதித்தான். பாதம் கொப்பளித்து, காலை ஒரு மாதிரி சரித்து ஊன்றி ஓடி, கணுக்கால் போயிற்று. கணுக்காலுக்கு நேர்ந்த அங்கப்பிரதட்சணத்தில், கோயிலைச் சுற்றி ஈரச் சீமெந்தில் உருண்டு விலா போயிற்று. விலாவுக்கு நேர்ந்தது தேர் இழுப்பது. அதில் முதுகு. தெரணியகலை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் நிஸார் நானா மட்டும் கொஞ்சம் புத்திசாலித்தனமாகக் கந்தூரி கொடுப்பதாக நேர்ந்திருந்தார். அந்தக் கந்தூரிச் சோற்றில்தான் எலும்பைக் கடித்துப் பல் உடைந்தது.

அணியின் வெள்ளைக்கார பிசியோ, "உள்ளங்காலில் காரணம் தெரியாத தீக்காயங்கள்" என்று எழுதிய கடிதம் இன்னும் அலமாரியில் கிடந்தது. பாவம், அந்த மனுசன் சப்பாத்துக் கம்பெனியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு கட்டத்தை மட்டும் விஜயகலா வேகமாகத் தாண்டிவிட்டாள். முழங்கால். அதற்கு எதிரே காரணம் எழுதும் இடம் ஆறு வருஷமாகக் காலியாகவே இருந்தது.

*

புதன்கிழமை மாலை ராமச்சந்திரன் பஸ்ஸிலிருந்து முழுசாக இறங்கினான். லயத்து வாசலில் நின்றிருந்தவர்கள் அவன் நடப்பதை ஒரு குதிரையை விலை பேசுகிற மாதிரி கவனித்தார்கள்.

"நொண்டலயே?" என்றாள் ஒருத்தி ஏமாற்றத்தோடு.

தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன்பே கோயில் கமிட்டித் தலைவர் ஐயாவு வந்துவிட்டார். பழைய கங்காணி பரம்பரை. அறுபத்திரண்டு வயது. அவர் உட்கார்ந்தால் எந்தக் கதிரையும் ஒருமுறை முனகும். கையில் ஒரு கொப்பித்தாள்.

"மாப்ள, வெள்ளிக்கிழம திருவிழா. ஒன் நேத்தியெல்லாம் ஒரே தடவையா முடிச்சிடுவோம். போன வருசம் முதுகு ஒடஞ்சி நீ டீவில விழுந்தப்ப, தோட்டத்து க்ளப்புல இருந்த அத்தன பேரும் நேந்துக்கிட்டோம்ல? மொத்தம் பதினொண்ணு."

"பதினொண்ணா!" என்றாள் விஜயகலா.

"ஒங்க அத்த தீமிதி. நம்ம கணக்கப்புள்ள தினேஷு நூத்தியெட்டு சுத்து அங்கப்பிரதட்சணம். பூசாரி நாக்குல அலகு. எதுத்த லயத்துப் பொம்பளைங்க ஆளுக்கொரு பால்குடம், அது ஒரு ஏழு." அவர் தாளை மடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் கொஞ்சம் பெருசா நேந்துட்டேன். பறவக்காவடி."

அவருக்கு நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையை விஜயகலா திரும்ப இழுத்துக்கொண்டாள். முதுகிலும் தொடையிலும் கொக்கி குத்தி, குப்புறத் தொங்கவிட்டு, ட்ரக்டரில் கட்டித் தோட்டமெல்லாம் கொண்டுபோவது பறவைக்காவடி. போன வருஷம் முறிந்து ஒட்டிய முதுகு அது.

"கொக்கி எத்தனங்க மாமா?" என்று கேட்டான் ராமச்சந்திரன்.

"எட்டு."

"எட்டுதானா" என்றான் அவன், யாரையும் நோகடிக்கக்கூடாது என்று.

விஜயகலாவுக்கு வந்த கோபத்தில் கோப்பை கீழே வைக்கப்பட்ட சத்தம் லயத்தில் மூன்று காம்பரா தள்ளிக் கேட்டது. "தலைவரே, திங்கக்கெழம இவருக்கு ஒடம்பு டெஸ்ட்டு இருக்கு. இவர தொங்க விடவும் ஏலாது, உருட்டவும் ஏலாது."

"ஏம்மா கலா," என்று குசினியிலிருந்து சுப்பம்மா வந்தாள். சிறிய உருவம். இடுப்பில் வெற்றிலைச் சுருக்குப்பை. "நேந்தத செலுத்தாட்டி வேற எங்கயாவது ஒடையுமே, அதுக்கு நீ பொறுப்பு எடுப்பியா?"

"செலுத்துறதுனாலதான் அத்த ஒடையுது!"

நீல அட்டையை எடுத்துக்கொண்டு வந்து, நோட்டீஸ் திகதியும் அட்டைத் திகதியுமாக ஒவ்வொன்றாக விரலை வைத்துச் சொன்னாள். காவடி, தோள். தீமிதி, கணுக்கால். சுப்பம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமெடுக்கும். ஆனால் திருவிழாக்களை அவள் மறந்தவள் இல்லை. கேட்கக் கேட்க முகம் இறுகிக்கொண்டே போயிற்று. ஐயாவு கதிரையில் நெளிந்தார், கதிரை அழுதது.

"அப்ப எம்மகன நான்தான் ஒடச்சேன்னு சொல்ற" என்றாள் சுப்பம்மா மெதுவாக.

"அப்பிடிச் சொல்லலங்கத்த..."

"சொல்லு, பரவால்ல. எல்லாம் படிச்சியே, நடுவுல முழங்காலுனு ஒண்ணு இருக்கே, அதுக்கு எதுக்க ஏன் ஒண்ணுமே எழுதல? அது எதுனால போச்சு?"

விஜயகலாவின் விரல் அட்டையிலேயே நின்றது. ராமச்சந்திரன் கூரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், அவனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு தொடர் தவறிப்போனபோது, சுகமானால் அவரைச் சிவனொளிபாத மலைக்கு இரத்தினபுரிப் பக்கத்து வழியால் நடத்தியே கூட்டி வருகிறேன் என்று நேர்ந்தது யார்? அந்த வழியில் படிகளுக்குக் கணக்கில்லை. ஏறும்போது பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியவன், இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நான் நேந்ததுதான்" என்றாள் விஜயகலா. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "நானுந்தான் அவரு காலத்தான் வச்சு நேந்தேன். எங்கால வச்சி நேரல. நம்ம யாருமே நம்ம ஒடம்ப வச்சி நேரலத்த. எல்லாரும் அவரு ஒடம்பத்தான் எடுத்துக் குடுத்திருக்கோம்."

ஐயாவு தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "அது என்னமோ, அம்மனுக்குக் குடுத்த வாக்கு வாக்குதான். வெள்ளிக்கிழம காலையில ட்ரக்டர் வரும்."

*

அன்று அந்தி மங்கும் நேரம் விஜயகலா கணவனின் முதுகுக்கு எண்ணெய் தேய்த்தாள். இந்த உடம்பின் ஒவ்வொரு இடமும் அவளுக்கு ஒரு வருஷம். தோள் என்றால் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த வருஷம், கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான். இடது கையால் லட்டு தின்றான். இடது கைக்காரன் போலிருக்கு என்று அவளுடைய அம்மா சொன்னது நினைவு வந்து சிரிப்பு வந்தது.

"ஏங்க, ஒங்களுக்கு வாயே இல்லியா? ஏலாதுனு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"எப்பிடி சொல்றது கலா? நான் விழுந்தா அவங்கதானே அழுவுறாங்க. அம்மா மூணு நாளு சாப்புடல தெரியுமா. ஐயாவு மாமா முழு ராத்திரியும் கோயில்ல உக்காந்திருந்தாராம். இவங்களுக்குக் குடுக்க வேற என்னா இருக்கு? நேத்திதான் இருக்கு."

"அதுக்கு எட்டுக் கொக்கியா?"

அவன் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னான். "எனக்கு விக்கெட்டு கூட வேணாம் கலா. ஒரே ஒரு தடவ ஆட்டம் முடியிற வரைக்கும் நிக்கணும். முடிஞ்ச ஒடனே எல்லாரும் வரிசையா வந்து கை குடுப்பாங்கல்ல, அத நான் டீவிலதான் பாத்திருக்கேன். அந்த நேரம் நான் எப்பவும் எக்ஸ்ரே எடுக்குற எடத்துல இருப்பேன்."

விஜயகலாவின் கை அப்படியே நின்றுவிட்டது. வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சுப்பம்மாவின் கையும் நின்றதோ என்னவோ, தண்ணீர்ச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலையில் ட்ரக்டர் வந்தே விட்டது. வாழைமரம் கட்டி, பூமாலை போட்டு, பின்னால் உயரமாகக் கழி நட்டிருந்தார்கள். கொக்கி குத்துகிற ஆள் புளத்கொகுபிட்டியவிலிருந்து வந்து, எட்டுக் கொக்கியையும் எலுமிச்சம்பழத்தில் செருகி வரிசையாக வைத்திருந்தான். ராமச்சந்திரன் மஞ்சள் வேட்டியில் வந்து நின்றான். அந்தக் கொக்கிகளைப் பார்த்ததும் அவனுடைய நிறம் கொஞ்சம் குறைந்தது.

விஜயகலா ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள். கூட்டத்துக்கு நடுவே போய்ப் பூசாரியைக் கும்பிட்டாள்.

"சாமி, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நேந்தவங்க ஒருத்தரு, செலுத்துறவங்க இன்னொருத்தருனா அம்மன் ஏத்துக்குமா? நேந்தவங்களே செலுத்தட்டுமானு அம்மன்கிட்டயே பூக் கேட்டுப் பாத்துருவோம்."

பூசாரி யோசித்தார். அவருடைய நாக்கு வாய்க்குள்ளேயே ஒருமுறை புரண்டது. ராமச்சந்திரனின் நாக்கில் குத்துவதாக நேர்ந்தவர் அவர்தான். ஆனால் பூக்கேட்கக்கூடாது என்று எந்தப் பூசாரியால் சொல்ல முடியும்? கல்யாணம், வீடு மாறுவது, மாட்டை விற்பது எல்லாவற்றுக்கும் அந்தத் தோட்டத்தில் பூக் கேட்கிறார்கள். இரண்டு வெற்றிலைப் பொட்டலம் கட்டுவது, ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது. எடுத்த பூ சொன்னதுதான் அம்மன் சொன்னது.

"வெள்ள வந்தா ராமு செலுத்தணும். செவப்பு வந்தா நேந்தவங்க" என்றார் பூசாரி. கூட்டத்தில் பாதிப் பேர் உடனே வெள்ளைப் பூவுக்காக வேண்டிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

"பொட்டலத்த நான் கட்டுறேன்" என்று விஜயகலா கையை நீட்டினாள்.

"நீ தள்ளு." சுப்பம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னே வந்தாள். "எம்மகன் காரியம். நான்தான் கட்டுவேன்."

விஜயகலா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். முந்தாநாள் முகம் இறுகி நின்ற மாமியார் இன்றைக்கு வரை அவளோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சுப்பம்மா பூத்தட்டோடு கருவறைக்குப் பக்கத்தில் திரும்பி உட்கார்ந்து, நிதானமாக இரண்டு பொட்டலங்களைக் கட்டி, நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைத்தாள்.

"யாரு எடுக்குறது?"

"தலைவரு எடுக்கட்டும்" என்று எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள்.

ஐயாவு வந்தார். அவருடைய கை வலது பொட்டலத்துக்கு மேலே போயிற்று. அங்கே நின்றது. இடது பொட்டலத்துக்குப் போயிற்று. மறுபடி வலதுக்கு வந்தது. முப்பது வருஷம் கங்காணி வேலை பார்த்தபோதுகூட அந்தக் கை இவ்வளவு யோசித்ததில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு இடது பொட்டலத்தை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தார்.

பூசாரி நூலை அவிழ்த்தார்.

உள்ளே செவ்வரத்தம்பூ. சிவப்பென்றால் அப்படிச் சிவப்பு.

குலவைச் சத்தம் எழும்பியது. நேர்ந்துகொள்ளாதவர்கள்தான் குலவை போட்டார்கள். ஐயாவு எலுமிச்சம்பழத்தில் செருகியிருந்த எட்டுக் கொக்கியைப் பார்த்தார். பிறகு மற்றப் பொட்டலத்தைப் பார்த்தார். "அதையும் ஒருக்கா பிரிச்சிப் பாத்தா என்னா?" என்றார்.

"ஏன், அம்மன் ஒரு தடவ பேசுனா ஒங்களுக்குக் காதுல விழாதா?" என்று அதட்டிய சுப்பம்மா, அந்தப் பொட்டலத்தை எடுத்து வெற்றிலைச் சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

அந்தத் திருவிழா போல பெல்மோர் தோட்டம் இன்னொன்று பார்த்ததில்லை.

கொக்கிக்காரன் ஐயாவுவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தான். "கொக்கி தாங்கும். கழி தாங்காது." கடைசியில் பூசாரி உத்தரவு வாங்கி, நாலு சேலையை முறுக்கித் தொட்டில் மாதிரிக் கட்டி, அதில் அவரைக் குப்புறப் போட்டுத் தூக்கினார்கள். ட்ரக்டரின் முன் சக்கரம் ஒருமுறை நிலத்தை விட்டு எழும்பிப் பார்த்து, பிறகு சமாதானமாகி இறங்கியது. தலைவர் இரண்டு கையையும் விரித்துப் பறந்தார். ஸ்டோர் வளைவு வரைக்கும் "அரோகரா" என்று சொன்னவர், அதற்குப் பிறகு "மெதுவாடா, மெதுவாடா" என்று மட்டுமே சொன்னார்.

கணக்கப்பிள்ளை தினேஷ் உருள ஆரம்பித்து இருபத்தேழாவது சுற்றில் திசை தவறி, கோயிலை விட்டு வெளியே உருண்டு, குளிக்கிற தண்ணீர்ப் பீலி வரைக்கும் போனான். மீதியைத் தவணை முறையில் உருளுவதாக அம்மனிடம் பேசிக்கொண்டான். ஏழு பால்குடக்காரிகளும் குடத்தைச் சுமந்து ஏறியபின்தான் அந்தப் படிகள் எவ்வளவு செங்குத்து என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பூசாரி நாக்கில் சின்னதாக ஓர் அலகு குத்திக்கொண்டு அதற்குப் பிறகு ஒரு கிழமை சைகையிலேயே பூசை செய்தார்.

சுப்பம்மா தீ மிதித்தாள். ஏதோ மலைக்கு வேலைக்குப் போகிற மாதிரி சாதாரணமாக அந்தப் பக்கம் நடந்து போய் நின்று, வெற்றிலையை மெல்ல ஆரம்பித்தாள். முப்பது வருஷம் ரப்பர் மலையில் வெறுங்காலோடு நடந்த பாதம். தணல்தான் கொஞ்சம் அணைந்து போயிருந்தது.

ராமச்சந்திரனுக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அவன் அத்தனை பேருடைய செருப்பையும் காவல் காத்துக்கொண்டு, யார் வலியில் முனகினாலும் தானும் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். உட்காரு, உட்காரு என்று கூட்டமே அவனை அதட்டியது.

மத்தியானம் நிஸார் நானா போனில் கூப்பிட்டார். "தங்கச்சி, நானும் போன வருஷம் ஒரு கந்தூரி நேந்து ஈக்கி. ஒங்கட புருஷன் வந்து தின்னணும்டு. இப்ப என்ன செய்ய?"

"நேந்தவங்கதான் செலுத்தணும்னு பூ வந்திருச்சி நானா."

"அல்ஹம்துலில்லாஹ். நான் அத நேத்தே தின்டுட்டேன்."

சனிக்கிழமை விஜயகலா, யாரும் கேட்காமலே, சிவனொளிபாத மலைக்குப் புறப்பட்டாள். ஆறு வருஷத்துக்கு முந்திய முழங்காலுக்கு அது. திரும்பி வந்தவளால் லயத்துப் படியைப் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. நீல அட்டையில் காலியாக இருந்த கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.

திங்கட்கிழமை பெரட்டுக்கு வந்தவர்கள் பாதிப் பேர். தோட்டத்து டிஸ்பென்சரியில் தைலம் தீர்ந்துபோயிற்று. என்ன தொற்றுநோய் என்று தோட்டத்தை நடத்தும் துரை கேட்டபோது, தினேஷ் பதில் சொல்ல வாயெடுத்துத் தலைசுற்றி மேசையைப் பிடித்துக்கொண்டான். தோட்டத்திலேயே எந்த வலியும் இல்லாத ஒரே ஆள் அன்று காலை கொழும்பில் உடல் தகுதிச் சோதனையில் தேறினான். வெள்ளைக்கார பிசியோ அவன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, புதுச் சப்பாத்து வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டாராம்.

*

டெஸ்ட் போட்டியின் ஐந்தாம் நாள். க்ளப்பின் டீவிக்கு முன்னால் பெல்மோர் தோட்டமே நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்திருந்தது. ஐயாவு குப்புறப் படுத்துக் கன்னத்துக்குக் கை கொடுத்திருந்தார். அவருக்கு அப்படித்தான் முடிந்தது. விஜயகலா காலை நீட்டி உட்கார்ந்திருக்க, பக்கத்தில் சுப்பம்மா.

நாலு நாளாக ராமச்சந்திரன் எங்கேயும் உடையவில்லை. ஐம்பத்தொரு ஓவர் போட்டிருந்தான். நாலு விக்கெட். நாலு நாளாக யாரும் சத்தமாக மூச்சும் விடவில்லை. வந்திருந்த அணி ஜெயிக்க இன்னும் பதினாறு ஓட்டம், கையில் மூன்று விக்கெட்.

ராமச்சந்திரன் ஓடி வந்தான். பந்தை விட்டான். விட்ட கையோடு கால் இடறிக் குப்புற விழுந்தான்.

விழுந்தவன் எழும்பவில்லை.

க்ளப்பில் நாற்பது வாய்கள் ஒன்றாகத் திறந்தன. "தாயே, எம்புள்ள மட்டும் எந்திரிச்சா..." என்று ஒருத்தி தொடங்கிவிட்டாள்.

"யாரும் வாயத் தெறக்காதீங்க!" சுப்பம்மா எழுந்து நின்றுவிட்டாள். "ஒரு வார்த்த! ஒருத்தராவது ஒரு வார்த்த நேந்தீங்க, நடக்குறது வேற!"

நாற்பது கைகள் நாற்பது வாய்களைப் பொத்தின. ஐயாவு துவாயைக் கடித்தார். விஜயகலாவுக்கு ஒரு நேர்த்தி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சிவனொளிபாதம் இல்லாவிட்டால் கதிர்காமம், கதிர்காமம் இல்லாவிட்டால்... சுப்பம்மாவின் காய்ப்பேறிய உள்ளங்கை வந்து அவள் வாயை மூடியது. வெற்றிலை மணத்தது.

டீவியில் பிசியோ ஓடினார். ஸ்ட்ரெச்சர்க்காரர்கள் பழக்கதோஷத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டியே வந்துவிட்டார்கள். ராமச்சந்திரன் தலையைத் தூக்கினான். அவிழ்ந்துபோன சப்பாத்துக் கயிறைப் பிடித்துக் காட்டினான். எழுந்தான். கயிறைக் கட்டினான். ஸ்ட்ரெச்சர்க்காரர்களுக்குக் கையசைத்தான், இந்த முறை நின்றுகொண்டு.

அவன் அடுத்த பந்துக்குத் திரும்பி நடந்த பின்புதான் சுப்பம்மா கையை எடுத்தாள்.

இலங்கை தோற்றது. அரை மணி நேரத்தில் அந்தப் பதினாறு ஓட்டத்தையும் அவர்கள் எடுத்துவிட்டார்கள். பெல்மோர் தோட்டம் அதைக் கவனிக்கவில்லை. ஆட்டம் முடியும்போது ராமச்சந்திரன் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தான். நடுவரிடம் கொடுத்த தொப்பியைத் திரும்ப வாங்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. எங்கே நிற்பது, எந்தப் பக்கம் போவது என்றும் தெரியவில்லை. வரிசையில் ஒருமுறை எல்லோருக்கும் கை கொடுத்து முடித்தவன், மறுபடி வரிசையின் கடைசிக்கு ஓடிப்போய் இரண்டாவது தடவையும் கை கொடுத்தான். ஜெயித்தவர்களைவிட அவன் முகம்தான் மலர்ந்திருந்தது.

க்ளப்புக்கு வெளியே வெடிச் சரம் வெடித்தது. போன் அடித்தது. நிஸார் நானா. "தங்கச்சி, நாங்க தோத்து ஈக்கோம்! மேல எவன் வெடி போடுற? டவுன்ல எல்லாரும் கேக்குறாங்க!"

"ஆட்டம் முடிஞ்சிருச்சி நானா" என்றாள் விஜயகலா. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "முழுசா முடிஞ்சிருச்சி."

சுப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெற்றிலை போடச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். டீவியைப் பார்த்துக்கொண்டே அவிழ்த்ததில் பாக்கு உருண்டது. கூடவே ஏதோ ஒன்று விஜயகலாவின் மடியில் விழுந்தது. காய்ந்து சுருண்ட வெற்றிலைப் பொட்டலம். நூல் இற்றுப்போய் வாய் திறந்திருந்தது.

உள்ளே ஒரு பூ, வாடிக் கறுத்த சிவப்பில்.

விஜயகலா மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். சுப்பம்மா டீவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். விஜயகலா பொட்டலத்தை மடித்து அந்தக் கையில் வைத்தாள். அது சுருக்குப்பைக்குள் போய், இடுப்பில் ஏறிக்கொண்டது.

"என்னையவே என்னா பாக்குற?" என்றாள் சுப்பம்மா. "அங்க பாரு, ஒம்புருசன் மூணாவது தடவையும் வரிசையில நிக்கிறான்."